அப்பாயிக்குப் பிறந்தநாள்

எங்கள் பக்கத்தில் அப்பாயி வயதுக்காரர்களுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. ஆதாரில் வருஷம் மட்டும் இருக்கும். வாக்காளர் அட்டையில் வேறொரு வயது இருக்கும். இரண்டுமே முகத்தைப் பார்த்து உத்தேசமாக எழுதியவைதான். எங்கள் அப்பாயியைக் கேட்டால், "மாசி மகத்துக்கு மறுநா பொறந்தவ நான்" என்று சொல்லும். எந்த வருஷத்து மாசி மகம் என்று கேட்டால், "அதெல்லாம் எங்க ஆத்தாவுக்குத்தான் தெரியும்" என்று முடித்துக்கொள்ளும். அந்த ஆத்தா இறந்தே பல வருஷமாகிவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். செம்மண் பூமி. பலா, தென்னை, கடலை எல்லாம் உண்டு. இருந்தாலும் அன்றாடம் கையில் காசைக் காட்டுவது பூதான். காக்கரட்டான், முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செண்டி. விடிவதற்கு முன்னால் பறிக்கத் தொடங்கி, காலையிலேயே கீரமங்கலம் கமிஷன் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாத்தா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அப்பா, சித்தப்பா, அத்தை மூவரையும் அப்பாயி பூவை வைத்துத்தான் வளர்த்து ஆளாக்கியது. அப்படிப்பட்ட மனுஷிக்கு ஒரு பிறந்தநாளாவது கொண்டாட வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஆசை. ஆசை இருந்தால் போதுமா, தேதி வேண்டுமே. அதைத் தேடப் போன இடத்தில்தான் அப்பாயியையே புதிதாகத் தெரிந்துகொண்டோம். வீட்டில் வயதான அம்மாச்சியோ அப்பத்தாவோ ஆச்சியோ இருப்பவர்களுக்கு உதவும் என்று நினைத்து, நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

"எந்த வருஷம் பொறந்த?" என்று கேட்டால் பதில் வராது. "நீ பொறந்தப்ப ஊர்ல என்ன நடந்துச்சாம்?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதும் அப்பாயி யோசிக்காமல் சொன்னது: "காந்தி செத்த சேதி வந்து, ஊரே கண்மாயில போயித் தலை முழுகிச்சாம். எங்க ஆத்தா நெறமாசமா இருந்துச்சாம். எறங்காத, வழுக்கும்னு சொல்லி எங்க அம்மாச்சி கரையில உக்கார வச்சு ஊத்திவிட்டுச்சாம்." இதை அது எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் இப்படிக் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை. இன்னும் கிளறியதில் இன்னொன்றும் வந்தது. பிள்ளை பிறந்து தீட்டுக் கழிவதற்குள் 'ராசா ஆட்சி போயிருச்சு' என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அப்பாயி பிறந்த வீடு ஆலங்குடிப் பக்கம், புதுக்கோட்டை சமஸ்தானத்து ஊர்.

இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது. காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது 1948 மார்ச் 3. இரண்டுக்கும் நடுவில் வந்த மாசி மகம் பிப்ரவரி 24, செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன், பூர நட்சத்திரம். சர்வசித்து வருஷம். அதாவது 1948 பிப்ரவரி 25. ஊரில் பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் காட்டினோம். அவரும் கணக்குப் போட்டுப் பார்த்துச் சரி என்றார். பழைய வருஷத்துக்கு நட்சத்திரம் காட்டும் பஞ்சாங்கச் செயலிகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் கதை கையில் இல்லாமல் செயலியைத் திறந்து பயனில்லை. முன்னே ஒரு சம்பவம், பின்னே ஒரு சம்பவம், நடுவில் ஒரு திருவிழா. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் தேதி தானாகச் சிக்கும்.

சம்பவம் எதைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்குச் சில: 1954-ல் காமராஜர் முதலமைச்சரானது, 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு, 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல். பிறந்தது தெரியாவிட்டாலும், வயதுக்கு வந்தது, கல்யாணமானது, தலைப்பிள்ளை பிறந்தது எந்தச் சம்பவத்தை ஒட்டி என்று கேட்டுப் பின்னோக்கி வரலாம். தங்கைமார், கூடப் பிறக்காத கூட்டாளிகள் இருந்தால் அவர்களைத் தனியே கேளுங்கள். எல்லோரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால், குரல் ஓங்கியவர் சொல்வதே நிலைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கண்டுபிடித்த தேதியை உடனே ஆதாரில் மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். பிறந்த தேதியைத் திருத்த ஆவணம் கேட்பார்கள்; ஒரு தடவைக்கு மேல் சாதாரணமாக மாற்றவும் விடமாட்டார்கள். முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு, ரேஷன் எல்லாம் ஒரே வயதில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் கை வைத்து அவர்களை அலைய விடக் கூடாது. நாங்கள் கண்டுபிடித்த தேதியை அப்பாயியின் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அதன் கையாலேயே எழுத வைத்தோம். எங்களுக்கு அந்தப் பதிவு போதும்.

நட்சத்திரப் பிறந்தநாளும் ஆங்கிலத் தேதியும் வருஷா வருஷம் ஒத்துவராது. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் முன்பின்னாகிக்கொண்டே இருக்கும். ஆனால் 19 வருஷத்துக்கு ஒருமுறை பௌர்ணமி ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பி வரும். 76 என்பது நாலு 19. 2024-ல் அப்பாயிக்கு 76 நிறைந்தபோது பூர நட்சத்திரமும் பிப்ரவரி 25-ம் ஒரே நாளில் விழுந்தன. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. இதைவிட நல்ல நாள் வாய்க்காது என்று, அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என முடிவானது.

சித்தப்பா மண்டபம் பிடிக்கலாம் என்றார். தம்பிமார்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கிளம்பினார்கள். அத்தைதான், "அதுகிட்டக் கேட்டீங்களா?" என்றது. கேட்டோம். அப்பாயி கொஞ்ச நேரம் பூக் கட்டிக்கொண்டே இருந்துவிட்டு மூன்று சொன்னது. சைக்கிளைச் சரி பண்ணிக் கொடுக்க வேண்டும். அறிவொளித் தம்பியைக் கூப்பிட வேண்டும். சமையலைத் தானே பண்ண வேண்டும்.

அந்த மூன்றுக்குள்தான் அப்பாயியின் வாழ்க்கையே இருந்தது என்பது எனக்குப் பிறகு புரிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1990-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கும் வந்து, மாவட்டம் மாவட்டமாக அறிவொளி இயக்கம் தொடங்கியது. புதுக்கோட்டையில் 1991-ல். அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். அறிவியல் இயக்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கானோர் தொண்டர்களாக வந்தார்கள். சாயங்காலம் வேலை முடித்து வரும் பெண்களைத் தெருவிளக்கடியிலும் கோயில் திண்ணையிலும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற மாவட்டங்களில் இல்லாத ஒன்றை இங்கே சேர்த்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் ஒரு பாடம். பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகிய அந்தக் காட்சியை இன்றைக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

அப்பாயிக்கு அப்போது 43 வயது. கல்யாண வயதில் மகள் இருந்தாள். "இந்த வயசுல கெழவிக்கு எதுக்குச் சைக்கிளு" என்று சொன்னவர்கள் சொந்தக்காரர்கள்தான். அப்பாயி அதற்குச் சொன்ன பதில் வீம்பாக இல்லை, விலையாக இருந்தது. பூ வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கமிஷன் கடையில் முதலில் வரும் பூவுக்கு ஒரு விலை. வெயில் ஏற ஏற, கூடைகள் சேரச் சேர, அதே பூவுக்கு வேறு விலை. தலையில் கூடையோடு நடந்து போகும் அப்பாயி எப்போதும் கடைசி ஆள்களில் ஒருத்தி. மொட்டாகப் பறித்தது போய்ச் சேரும்போது மலரத் தொடங்கியிருக்கும். சைக்கிளில் போனால் முதல் விலைக்குப் போய்விடலாம் என்று அது கணக்குப் போட்டிருந்தது. எழுத்துக் கற்றுக்கொள்ளப் போனதே சைக்கிளுக்காகத்தான். "அங்க போனாத்தான் சைக்கிளைத் தொட விடுவாங்கன்னு நெனச்சேன்" என்று அதுவே சொல்லியிருக்கிறது.

கிடைத்தது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள். லேடீஸ் சைக்கிளுக்கு அன்றைக்கு ஊரில் எங்கே போவது? சேலைக் கொசுவத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, முதலில் அரைப்பெடல், பிறகு பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டு முழுப்பெடல். பின்னாளில் அந்தப் பார்தான் வசதி என்று சொல்லும்: முன்னால் பாரில் பேத்தி, பின்னால் கேரியரில் பூக்கூடை. அந்தப் பேத்தி நான். விடியற்காலை இருட்டில் அதன் முழங்கை இரண்டு பக்கமும் எனக்கு வேலி. கழுத்துக்குப் பின்னால் வெற்றிலை வாசம். டைனமோ விளக்கு ரோட்டில் ஒரு சின்ன வட்டத்தைப் போட்டுக்கொண்டே முன்னால் ஓடும். கீரமங்கலம் வந்துவிட்டது என்பது பூ வாசத்திலேயே தெரிந்துவிடும்.

சைக்கிளோடு வந்த எழுத்தை அப்பாயி பயன்படுத்திய விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கதைப் புத்தகம் படிக்கவில்லை, கடுதாசி எழுதவில்லை. கணக்கு எழுதியது. பள்ளிக்கூட நோட்டில், ஒரு நாளைக்கு ஒரு வரி. ஒரு வரியை அப்படியே தருகிறேன்: "மாசி 12 காக் 3 அரை 40 கமி 14 கை 126." காக்கரட்டான் மூன்றரைக் கிலோ, கிலோ 40 ரூபாய், ஆகமொத்தம் 140, அதில் பத்துக்கு ஒன்றாகக் கமிஷன் 14, கைக்கு வந்தது 126. கூட்டல் கழித்தல் மனத்திலேயே நடந்திருக்கிறது. நோட்டில் முடிவு மட்டும்தான் இருக்கிறது. எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். 'க'வுக்கு மட்டும் கீழே ஒரு சுழி அதிகம். சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் எழுதுவாராம்.

அந்த நோட்டு சும்மா இருக்கவில்லை. ஒருமுறை ஒரு கடையில் வாரக் கணக்கு முடிக்கும்போது இரண்டு நாள் பூ விட்டுப்போயிருந்தது. கடைக்காரர் தன் பேரேட்டைக் காட்டினார். அப்பாயி தன் நோட்டை எடுத்து அதன் பக்கத்தில் விரித்து வைத்தது. சத்தம் போடவில்லை. "ரெண்டையும் படிங்க" என்றது. பணம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் பூக் கொண்டுபோகும் பெண்கள் ஒவ்வொருவராக நோட்டுப் போட ஆரம்பித்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அப்பாயியே சாயங்காலம் எழுதிக் கொடுத்தது.

நான் இப்போது திருச்சியில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். மருந்து வந்து இறங்கும்போது எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அவசரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். போடமாட்டேன். இது படிப்பில் வந்த பழக்கம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்து, 43 வயதில் கையெழுத்துக்கு மாறிய ஒருத்தி, "போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாரு ஆயி, போட்டுட்டா நீதான் பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் இது.

அப்பாயியின் மனத்தெம்பு என்று எல்லோரும் சொல்வது கஜா புயல் சமயத்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்த புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. தென்னையும் பலாவும் வேரோடு கிடந்தன. தாத்தா வைத்த பலா மரங்கள் அவை. ஊரே கொல்லையில் நின்று அழுதது. கரண்ட் வர நாள்கணக்கானது, மோட்டார் ஓடவில்லை, தண்ணீருக்கே திண்டாட்டம். அப்பாயிக்கு அப்போது 70.

அதுவும் அழுதது. அழுது முடித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனது. எந்த மரம் விழுந்தது, எது சாய்ந்தது, எது நிற்கிறது என்று மரம் மரமாக எழுதியது. கணக்கெடுக்க ஆள்கள் வந்தபோது எங்களிடம் பட்டியல் தயாராக இருந்தது. அப்பா உடனே பலாக்கன்று வைக்க வேண்டும் என்று துடித்தார். அப்பாயி விடவில்லை. "பலா காய்க்கிற வரைக்கும் என்னத்தடா திம்ப? செண்டி போடு. ரெண்டு மாசத்துல பூக்கும். அந்தக் காசுல கன்னு வாங்கலாம்." அப்படியேதான் செய்தோம். முதலில் செண்டி, அதற்கப்புறம் காக்கரட்டான் புதர்களைக் கவாத்துப் பண்ணித் துளிர்க்க வைத்தது, கடைசியில்தான் பலா. துக்கத்தில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று வரிசை போடத் தெரிந்திருப்பதைத்தான் நான் மனத்தெம்பு என்று சொல்வேன். எனக்கு வேலையிலோ வீட்டிலோ தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதெல்லாம், ரெண்டு மாசத்தில் பூப்பது எது என்று கேட்டுக்கொள்கிறேன். பலமுறை அது வழி காட்டியிருக்கிறது.

நெடுவாசலையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2017 பிப்ரவரியில், நிலத்தடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து அங்கே மக்கள் உட்கார்ந்தபோது, பூக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அப்பாயியும் போய் உட்கார்ந்துவிட்டு வரும். யாரும் கூப்பிடவில்லை. "தண்ணி போச்சுன்னா பூ போச்சு" என்பதற்கு மேல் அதைப் பற்றி அது பேசியதும் இல்லை.

இனி அந்தப் பிறந்தநாள். முதலில் சைக்கிள். முட்டி வலி வந்த பிறகு அப்பாயி ஏறி ஓட்டுவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பூப்பையை ஹாண்டில் பாரில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் தெருவில் நடக்கும். கைத்தடி கொடுத்தால் வாங்காது. சைக்கிள் இருந்தால் நிமிர்ந்து நடக்கும். அதற்குப் புது டியூப், பிரேக் கட்டை, செயின் எல்லாம் மாற்றி, ஹாண்டிலை அதன் இடுப்புக்குத் தோதாகக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தான் தம்பி. பெயின்ட் அடிக்கப் போனபோது மட்டும் அப்பாயி தடுத்துவிட்டது. பழைய பொருளைப் பளபளப்பாக்கித் தருவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது. அவர்களுக்கு அதன் தழும்பெல்லாம் அடையாளம்.

அறிவொளித் தம்பியைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் நாளானது. அன்றைக்குக் கல்லூரி மாணவர். இன்றைக்குத் தலை நரைத்த வாத்தியார். பக்கத்து ஒன்றியத்தில் இருந்தார். கூப்பிட்டதும் வந்துவிட்டார். வாசலில் அவரைப் பார்த்ததும் அப்பாயி, "வாங்க தம்பி, 'க'வுக்குச் சுழி இல்லேன்னு எம்பேத்தி சொல்றா, நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க" என்று நோட்டை நீட்டியது. அவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வருஷக்கணக்காக எழுதியிருப்பதைப் பார்த்து அவருக்குப் பேச்சு வரவில்லை. வகுப்பு முடிந்து போனவர்கள் பலர் எழுத்தை மறந்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு மனத்தாங்கலாக இருந்திருக்கிறது. மறக்காதவர்கள் எப்படி மறக்கவில்லை என்பதற்கு அந்த நோட்டு பதில். தினமும் ஒரு வரி, தனக்குத் தேவைப்படுகிற ஒரு வரி.

என் அனுபவத்தில், வயதானவர்களின் பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்களை நிறையக் கூப்பிடுவதைக் காட்டிலும், அவர்களுடைய வாழ்க்கையில் முக்கியமான ஒரே ஒருவரைத் தேடி அழைத்து வருவது மேல். நமக்குத் தெரியாத ஆளாகவே இருப்பார். "உனக்கு யாரப் பாக்கணும்போல இருக்கு?" என்று கேட்டால் பெயர் வந்துவிடும்.

சமையலுக்கு அப்பாயி பலாப்பிஞ்சுக் கூட்டும் கருவாட்டுக் குழம்பும் பாசிப்பருப்புப் பாயசமும் என்று முடிவு செய்திருந்தது. அதனிடம் அளவு கேட்டால், "கைக்கு வந்தது" என்ற பதில்தான் வரும். நடுவில் நிறுத்தி நிறுத்தி அளந்தால் அதற்கு எரிச்சல் வந்து சமையலே கெட்டுவிடும். அதனால் அதற்குத் தெரியாமல் தொல்லை இல்லாத ஒரு வழி செய்தோம். மிளகாய்த்தூள், மல்லித்தூள், உப்பு, புளி, எண்ணெய் என்று ஒவ்வொரு டப்பாவையும் அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் எடை போட்டுக் குறித்துக்கொண்டோம். சமையல் முடிந்ததும் மறுபடி எடை போட்டோம். குறைந்த எடைதான் குழம்புக்குள் போன அளவு. பூ நிறுக்கும் டிஜிட்டல் தராசு வீட்டிலேயே இருந்தது. ஒரு சமையலுக்கு ஒரு டப்பா என்று ஒதுக்கிவிட்டால் குழப்பம் வராது. எப்போது போட்டது, எந்த நிறம் வரும்வரை வதக்கியது என்பதை வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். அந்த அளவில் நான் திருச்சியில் வைத்த குழம்பை அப்பாயிக்குக் கொடுத்தனுப்பியபோது, "புளியக் கரைச்சு வச்சு நேரமாயிருச்சு போல" என்றது. அளவில் பிழை இல்லை என்று அர்த்தம்.

வயதானவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்வது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்களுக்குச் சரிப்பட்டு வந்ததைச் சொல்கிறேன். நேராக எதிரில் உட்கார்ந்து, "உன் வாழ்க்கையைச் சொல்லு அப்பாயி" என்றால் வாய் திறக்காது. பூக் கட்டும்போது கூட உட்கார்ந்து நாமும் கட்ட வேண்டும். இடது கை இரண்டு விரலுக்கு நடுவில் நாரைப் பிடித்து, இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் வைத்து, வலது கை ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கும். வாழைநார் 'சர்க்'கென்று இறுகும். கை அந்தத் தாளத்துக்கு வந்த பிறகுதான் பேச்சு வரும். ஃபேன் சத்தம் குரலைத் தின்றுவிடும், அதனால் மரத்தடிதான் நல்லது. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல் வைத்துவிட வேண்டும். எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அன்றைக்கே கோப்புக்குத் தேதியும் பொருளும் பெயராக வைத்து, இரண்டு இடத்தில் சேமித்துவிட வேண்டும்.

கேள்வியில் ஒரு சூட்சுமம் உண்டு. "கஷ்டமா இருந்துச்சா?" என்றால் "ஆமா" என்பதோடு முடிந்துவிடும். "அப்ப கிலோ என்ன வெல?", "யாரு கூட வந்தா?", "அந்தக் காசுல மொதல்ல என்ன வாங்குன?" என்று கேட்டால் கஷ்டமும் சந்தோஷமும் தானாக வெளியே வரும். பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். தாத்தாவைப் பற்றிய ஒரு பேச்சில் அப்பாயி, "இத வேணாம், அமத்து" என்றது. அணைத்துவிட்டேன். அது சொன்னது எனக்கு மட்டும் தெரியும், யாருக்கும் சொல்லமாட்டேன். நடுவில் அப்பாவோ அத்தையோ "அது அப்படி இல்ல, அடுத்த வருஷம்" என்று திருத்த வந்தால், அவர்கள் சொல்வதைத் தனியாகப் பதிந்துகொண்டோம். இரண்டும் இருக்கட்டும்.

அன்று சாயங்காலம் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. சித்தப்பா பேத்திக்கு எட்டு வயது. சரி செய்த சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் உயரத்துக்குச் சின்னச் சைக்கிள் ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தது. அப்பாயி அதை வாங்கி வரச் சொல்லி, சீட்டை முழுசாக இறக்கச் சொன்னது. பெடலில் கால் வைக்க விடவில்லை. மேட்டுத் தெருவின் சரிவில், இரண்டு காலையும் தரையில் எட்ட வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டே வரச் சொன்னது. முதலில் பிரேக் பிடிக்க மட்டும் பழக்கியது. "ஓட்டத் தெரியறதுக்கு முன்னாடி நிறுத்தத் தெரியணும்" என்றது. கேரியரைப் பிடித்துக்கொண்டு முட்டி வலியோடு கூடவே நடந்தது. "சக்கரத்தப் பாக்காத, அந்தப் புளியமரத்தப் பாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னது. இதே வார்த்தைகளில்தான் எனக்கும் சொல்லிக்கொடுத்தது. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் விலையில்லா சைக்கிள் கொடுத்த அன்று, எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போக, நான் ஏறி மிதித்து வீடு வந்தேன். அறிவொளி வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை இறக்குவது, பிரேக் முதலில், மரத்தைப் பார்ப்பது எல்லாம் அப்பாயியே கண்டுபிடித்தவை என்றும், தான் சொல்லிக்கொடுத்தபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னார்.

வயதானவர்களை அன்றைக்கு ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, வரிசையில் காலில் விழுந்து படமெடுப்பது நம் வழக்கம். அதில் மரியாதை இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நாங்களும் ஆசீர்வாதம் வாங்கினோம். ஆனால் நாற்காலியில் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் அப்பாயி கூச்சத்தில் சேலைத் தலைப்பையே திருகிக்கொண்டிருந்தது. அடுப்படியிலும் சரிவிலும்தான் அதன் முகம் மலர்ந்திருந்தது. உடம்புக்கு முடிகிற அளவில், அவர்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றில் அன்றைக்கு அவர்களைத் தலைமையாக வையுங்கள். நாம் எடுபிடியாக நிற்போம்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அப்பாயி நோட்டை எடுத்தது. அன்றைய செலவை என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதியது. கேக் ஒரு வரி. அதை யாரும் முழுசாகச் சாப்பிடவில்லை என்பது அதற்குத் தெரியும். பந்தல் ஒரு வரி. சைக்கிள் வேலை ஒரு வரி. கருவாடு, பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்த்து ஒரு வரி. கூட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தது.

"அடுத்த வருஷம் கேக்கும் பந்தலும் வேணாம் ஆயி. அந்தக் காசுல பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிரலாம். பெருசா வாங்காத, கால் எட்டணும். கடைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ, பிரேக்க நான் பாத்துக்கிறேன்."